விஸ்கின்னா தண்ணின்னுதான் அர்த்தம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

விஸ்கிங்கிற வார்த்தைக்கு என்னதான் அர்த்தம்?

தண்ணி. அவ்வளவுதான். "நேத்து தண்ணி அடிச்சுட்டு வந்தான்"னு நம்ம ஊர்ல சொல்றோம்ல, அதையேதான் ஸ்காட்லாந்துக்காரரும் அயர்லாந்துக்காரரும் சில நூறு வருஷமா சொல்லிட்டு இருக்காங்க. முழுப் பேர் ஐரிஷ் மொழில "இஷ்கெ பஹா", ஸ்காட்லாந்தோட கேலிக் மொழில கிட்டத்தட்ட "உஷ்கெ பெஹா". முதல் சொல் தண்ணி, ரெண்டாவது சொல் "வாழ்க்கையோட", "உயிரோட". சேர்த்துப் படிச்சா உயிர்த்தண்ணி. இங்கிலீஷுக்குள்ள வந்ததும் ரெண்டாவது பாதியை கழட்டி விட்டுட்டாங்க, உயிர் போயிடுச்சு, தண்ணி மட்டும் மிச்சம்.

ஆனா எழுதியிருக்கிறத பாத்தா "உயிஸ்கே பேத்தா" மாதிரில இருக்கு?

ஐரிஷ் எழுத்தை இங்கிலீஷ் கண்ணால படிச்சா அப்படித்தான் வரும். அந்த மொழில "இ", "எ" மாதிரி உயிர் பக்கத்துல நிக்குற எஸ் எழுத்து "ஷ"ன்னு மாறிடும், நடுவுல வர்ற "த" மாதிரியான பழைய ஒலி வெறும் "ஹ" காத்தா கரைஞ்சு போச்சு. எழுத்து பழசு, வாய் புதுசு. நாம "என்ன செய்கிறாய்"னு எழுதிட்டு "என்ன செய்ற"ன்னு பேசுறோமே, அந்த மாதிரி.

இது பழங்கால கெல்ட்டிக் பேர்தானே? ட்ரூயிட் பூசாரிகள் காலத்துல இருந்தே வருதுன்னு பாட்டில் பின்னாடி போட்டிருக்காங்களே?

பாட்டில் பின்னாடி போட்டிருக்கிறத நம்பினா எல்லா சரக்கும் ஏதோ ஒரு முனிவர் மலை மேல தவம் பண்ணி கண்டுபிடிச்சதாத்தான் இருக்கும். செயின்ட் பாட்ரிக்தான் வடிக்கிற வித்தையை அயர்லாந்துக்கு கொண்டு வந்தார்னும் ஒரு கதை ஓடுது, அவர் காலம் 5ஆம் நூற்றாண்டு, அந்தக் காலத்துல யூரோப்ல யாரும் குடிக்கிறதுக்கு சாராயம் வடிச்சதுக்கு ஆதாரம் கிடையாது.

விஷயம் இதுதான்: சொற்கள் ரெண்டும் அசல் கெல்ட்டிக் (ஐரிஷ், கேலிக் எல்லாம் இந்த மொழிக் குடும்பம்தான்), ஆனா அந்த ஜோடி கெல்ட்டிக் ஆளுங்க யோசிச்சது இல்ல. அது லத்தீன்ல இருந்த "அக்வா விட்டே"ங்கிற மருத்துவச் சொல்லோட நேரடி மொழிபெயர்ப்பு. "அக்வா" தண்ணி, "விட்டே" உயிரோட. மடத்துல லத்தீன் படிச்ச துறவிங்களும் வைத்தியருங்களும் அதை தங்க மொழிக்கு மாத்திக்கிட்டாங்க. இதை மட்டும் மனசுல வச்சுக்கிட்டீங்கன்னா கீழ வர்ற பாதி கேள்விக்கு விடை தன்னால கிடைச்சிடும்.

அப்போ அந்த லத்தீன் பேர் எங்க இருந்து வந்துச்சு?

நம்ம கிறிஸ்துவ நண்பர்களுக்கு இது உடனே புரியும். பைபிள்ல வெளிப்படுத்தின விசேஷம் கடைசி அதிகாரத்துல "ஜீவத்தண்ணீரை இலவசமாய் வாங்கிக்கொள்ளக்கடவன்"னு வருதே, லத்தீன் பைபிள்ல அந்த இடத்துல இருக்கிறது இதே அக்வா விட்டே சொற்கள்தான். யூரோப்ல ஒயினை கொதிக்க வச்சு ஆவியை புடிச்சு குளிர வைக்கிற வித்தை 12ஆம் நூற்றாண்டு வாக்குல இத்தாலியோட சலேர்னோ மருத்துவப் பள்ளி பக்கம் எழுத்துல தலைகாட்டுது, வடிக்கிற பாத்திரமும் முறையும் அரபு அறிஞர்கள் கிட்ட இருந்து வந்தது. பாத்தா தண்ணி மாதிரி இருக்கு, ஆனா நெருப்பு வச்சா எரியுது, புண்ணுல ஊத்தினா சீழ் புடிக்கல, குடிச்சா கிழவனுக்கும் கன்னம் செவக்குது, இதுக்கு வேற என்ன பேர் வைப்பாங்க?

அதே பேர் ஊர் ஊரா போச்சு. பிரெஞ்சுல "ஓ த வீ", ஸ்காண்டிநேவியால "அக்வாவிட்", போலந்துல "ஒகோவிட்டா", இத்தாலில "அக்வவீட்டே". கவனிச்சீங்கன்னா போலந்துக்காரரும் ஸ்காண்டிநேவியாக்காரரும் லத்தீன் ஒலியை அப்படியே எடுத்து தங்க வாய்க்கு வளைச்சுக்கிட்டாங்க, பிரெஞ்சுக்காரரும் ஐரிஷ்காரரும் அர்த்தத்தை எடுத்துக்கிட்டு சொந்தச் சொல் போட்டாங்க. ஐரிஷ் ஜோடிக்குத்தான் உலகம் பூரா மார்க்கெட் கிடைச்சது.

முதன்முதலா எழுத்துல எப்போ வருது?

இங்க அயர்லாந்து ஸ்காட்லாந்து சண்டை ஆரம்பிக்கும், அதனால ரெண்டையும் சொல்லிடுறேன்.

அயர்லாந்துல 14ஆம் நூற்றாண்டுல கில்கென்னில ஆசரி மறைமாவட்டத்து பிஷப்பா இருந்த ரிச்சர்ட் லெட்ரெட் காலத்து "ஆசரியோட சிவப்புப் புத்தகம்"ங்கிற கையெழுத்துப் பிரதில அக்வா விட்டே எப்படி வடிக்கிறதுன்னு குறிப்பு இருக்கு. ஆனா அது ஒயின்ல இருந்து, தானியத்துல இருந்து இல்ல, அதனால அதை விஸ்கின்னு சொன்னா அடிதான் விழும். அடுத்தது 1405. ரிச்சர்ட் மெக்ரானல்னு ஒரு குலத்தலைவர், கிறிஸ்துமஸ் சமயத்துல அக்வா விட்டேயை அளவு மீறி ஏத்திக்கிட்டு செத்துப் போனார்னு க்ளான்மக்னாய்ஸ் மடத்தோட வருஷக் குறிப்புல பதிவாகியிருக்கு. அந்தக் குறிப்போட ஐரிஷ் மூலம் இப்போ இல்ல, 1627ல பண்ணின இங்கிலீஷ் மொழிபெயர்ப்புதான் மிச்சம், அதுல எழுதினவர் ஒரு குத்து குத்தியிருக்கார்: அவருக்கு அது உயிர்த்தண்ணியா இருக்கல, "அக்வா மார்ட்டிஸ்" ஆயிடுச்சுன்னு, அதாவது சாவுத்தண்ணி. விஸ்கி வரலாற்றோட முதல் பக்கத்துலயே ஒரு சாவும் ஒரு மொக்கை ஜோக்கும் இருக்கு பாருங்க.

ஸ்காட்லாந்துக்காரங்க காட்டுறது 1494-95 கணக்கு வருஷத்து அரசுக் கருவூலப் பதிவு. ராஜா நாலாம் ஜேம்ஸ் உத்தரவுப்படி, அக்வா விட்டே பண்றதுக்காக ஜான் கோர்ங்கிற துறவிக்கு எட்டு "போல்" மால்ட் கொடுத்ததா ஒரு வரி. போல்ங்கிறது பழைய ஸ்காட்டிஷ் தானிய அளவு. இங்க முக்கியமான சொல் மால்ட், அதாவது முளைகட்டின பார்லி, அதனால இது நிச்சயமா தானியச் சாராயம். இந்த வரியை வச்சுத்தான் 1994ல ஸ்காட்ச்சோட 500ஆவது வருஷம்னு கொண்டாடினாங்க. ஆனா பதிவு முழுக்க லத்தீன், கேலிக் பேர் அதுல இல்லவே இல்ல, சொல் ஆராய்ச்சி பண்றவங்களுக்கு அதுதான் கடுப்பு.

அன்னைக்கு குடிச்சதும் இன்னைக்கு கடைல இருக்கிறதும் ஒண்ணா?

பேர் ஒண்ணு, பொருள் வேற. மரப்பீப்பாய்ல வருஷக்கணக்குல ஊறப்போட்டு பொன் நிறமா எடுக்கிறதெல்லாம் பின்னாடி வந்த பழக்கம். அப்போ வடிச்ச சூட்டோட வெள்ளையா குடிச்சாங்க, இல்லேன்னா மூலிகை போட்டு. 1617ல ஃபைன்ஸ் மோரிசன்ங்கிற இங்கிலீஷ் பயணி ஐரிஷ் சரக்கை ரொம்பப் புகழ்ந்து எழுதியிருக்கார், எங்க ஊரு அக்வா விட்டேயை விட இது மேல், உலர்ந்த திராட்சையும் பெருஞ்சீரகமும் கலக்கிறதால காரம் தணியுதுன்னு. திராட்சை, சோம்பு, சூடான தண்ணி. நம்ம வீட்டுல பிரசவத்துக்கு அப்புறம் வைக்கிற கஷாய லிஸ்ட் மாதிரிதான் இருக்கு, என்ன, கடைசி ஐட்டம் மட்டும் கொஞ்சம் ஸ்ட்ராங்.

மருந்துங்கிறது சும்மா பேச்சுக்கு இல்ல. எடின்பரோ நகரத்துல அக்வா விட்டே வடிச்சு விக்கிற தனி உரிமையை 1505ல யாருக்கு கொடுத்தாங்க தெரியுமா, அறுவை வைத்தியம் பாக்குற நாவிதர் சங்கத்துக்கு. அயர்லாந்துல 1556ல சட்டமே போட்டுட்டாங்க, லைசென்ஸ் இல்லாம வடிக்கக் கூடாதுன்னு, பிரபுக்களுக்கும் நகரத்துப் பெரிய மனுஷங்களுக்கும் மட்டும் விலக்கு. சட்டம் யாருக்கு விலக்கு கொடுக்கும்ங்கிறது எந்த நூற்றாண்டுலயும் மாறல.

இன்னொண்ணு சொல்லாம விட முடியல. 1703ல மார்ட்டின் மார்ட்டின்ங்கிற கேலிக் பேசுற ஸ்கை தீவுக்காரர் ஸ்காட்லாந்தோட மேற்குத் தீவுகளைப் பத்தி எழுதினப்போ, லூயிஸ் தீவுல மூணு விதமா வடிப்பாங்கன்னு சொல்றார். சாதாரணம் ஒண்ணு, மூணு தடவை வடிச்சது ஒண்ணு, நாலு தடவை வடிச்சது ஒண்ணு. அந்த நாலாம் வடிப்பு வாயில பட்ட உடனே உடம்பு பூரா தெரியுமாம், ரெண்டு ஸ்பூன்தான் அளவு, தாண்டினா மூச்சு நின்னு உயிருக்கே ஆபத்துன்னு. இதுக்குப் பேர் உயிர்த்தண்ணி!

"உஷ்கெ பெஹா" எப்படி "விஸ்கி" ஆச்சு?

இதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி, கொஞ்சம் பொறுமையா படிங்க.

16ஆம் நூற்றாண்டு கடைசில இங்கிலீஷ்காரங்க அந்த ஜோடியை ஒரே சொல்லா காதுல வாங்கி "அஸ்கிபா", "உஸ்குவிபா"ன்னு விதவிதமா எழுத ஆரம்பிச்சாங்க. அன்னைக்கு ஸ்பெல்லிங்னு ஒரு சட்டம் இல்ல, கேட்டவன் கேட்ட மாதிரி எழுதினான். ஸ்காட்லாந்து பக்கம் முதல்ல இருந்த "உ" அடுத்து வந்த "இ"யோட உரசி "வி" ஆயிடுச்சு, வேகமா "உஇஸ்கி, உஇஸ்கி"ன்னு சொல்லிப் பாருங்க, உங்க உதடே செய்யும். அப்படி "விஸ்கிபே"ன்னு ஒரு வடிவம் வந்துச்சு. பேர் நீளமா இருந்தா நாம என்ன பண்ணுவோமோ அதையே பண்ணி வாலை வெட்டிட்டாங்க, 18ஆம் நூற்றாண்டு தொடக்கத்துல, 1715 வாக்குல, வெறும் விஸ்கி எழுத்துல வந்துடுச்சு.

1755ல வந்த சாமுவேல் ஜான்சனோட பெரிய அகராதில நீளப் பேர்தான் தலைச்சொல். அது ஐரிஷ் சொல், உயிர்த்தண்ணின்னு அர்த்தம், வாசனைப் பொருள் சேர்த்து வடிக்கிறது, ஐரிஷ் வகை இதமா இருக்கும், ஸ்காட்லாந்து மலைநாடான ஹைலேண்ட்ஸ் வகை கொஞ்சம் சூடு, அதை ஸ்காட்லாந்துல சிதைச்சு விஸ்கின்னு சொல்றாங்கன்னு முடிக்கிறார். அவர் கொச்சைன்னு ஓரமா ஒதுக்கின சொல்தான் இன்னைக்கு உலகம் பூரா நிக்குது, அவர் தலைல தூக்கி வச்ச நீளப் பேர் மியூசியத்துக்குப் போயிடுச்சு.

இப்போ ஐரிஷ் மொழில விஸ்கியை என்னன்னு சொல்றாங்க?

"ஃபுஷ்கெ". பேச்சுல இதுதான் சாதாரணமா வரும். இது எங்க இருந்து வந்துச்சுன்னா இங்கிலீஷ் விஸ்கில இருந்து! ஐரிஷ் தண்ணி இங்கிலீஷுக்குப் போய், வால் போய், முன்னாடி ஒரு "வ" ஒட்டி, திரும்ப வீட்டுக்கு வந்தா சொந்த மொழிக்கே அடையாளம் தெரியல, வேத்து மனுஷன்னு நினைச்சு புதுப் பேர் வச்சு உள்ள விட்டிருக்கு. அந்த "ஃப" ஏன்னா, அயர்லாந்து இங்கிலீஷ்ல விஸ்கியோட முதல் ஒலி காத்தோட சேர்ந்த "ஹ்வ" மாதிரி வரும், ஐரிஷ் காதுக்கு அது "ஃப". சாட்டைக்கு இங்கிலீஷ்ல இருக்கிற "விப்" கூட ஐரிஷ்ல "ஃபுப்"னுதான் போச்சு, அதே கதை.

பழைய ஜோடியும் சாகல. ஐரிஷ் விஸ்கிக்கு யூரோப்பிய யூனியன்ல புவிசார் குறியீடு வாங்கினப்போ பதிவு பண்ணின பேர்ல இஷ்கெ பஹாவும் இருக்கு. ஸ்காட்டிஷ் கேலிக்ல இன்னைக்கும் உஷ்கெ பெஹாதான் வழக்குச் சொல். மேன் தீவுல பேசுற மேங்க்ஸ் மொழில தண்ணி "உஷ்ட்யா", அதோட உயிரைச் சேர்த்துக்கிட்டா சரக்கு.

வெல்ஷும் கெல்ட்டிக்தானே, அதுல என்ன?

வெல்ஷ்ல இங்கிலீஷ்ல இருந்து கடன் வாங்கின விஸ்கிதான், "ச்விஸ்கி"ன்னு கொஞ்சம் தொண்டையைச் செருமிக்கிட்டு சொல்லுவாங்க. இன்னைக்கு உயிரோட இருக்கிற கெல்ட்டிக் மொழிகள் ரெண்டு கிளை. ஐரிஷ், ஸ்காட்டிஷ் கேலிக், மேங்க்ஸ் ஒரு பக்கம், வெல்ஷ், கார்னிஷ், பிரெத்தோன் இன்னொரு பக்கம். தண்ணிக்கே ரெண்டு பக்கமும் வேற வேற சொல். வெல்ஷ்ல தண்ணி "தூர்". இங்கிலீஷ் கால்வாய்க் கரைல இருக்கிற டோவர் துறைமுகத்தோட பேர் இந்தச் சொல்லோட பழைய வடிவம்தான், ரோமானியர்கள் அதை துப்ரிஸ்னு எழுதினாங்க. பழைய ஐரிஷ்லயும் இதோட தம்பி ஒருத்தன் இருந்தான், இப்போ நீர்நாய்க்கு இருக்கிற ஒரு பேர் மாதிரி சில இடத்துல ஒளிஞ்சிருக்கான்.

ஆனா "உயிர்" பாதி ரெண்டு கிளைக்கும் பொது. ஐரிஷ் "பஹா", வெல்ஷ் "பவுயித்", ரெண்டும் வாழ்க்கை.

வோட்காவும் விஸ்கியும் சொந்தக்காரங்கன்னு சொல்றாங்களே?

ஆமா, இது கதை இல்ல, நிஜம். ரஷ்ய மொழில தண்ணி "வதா", அதோட செல்லப் பேர்தான் வோட்கா, "குட்டித் தண்ணி". ஐரிஷ் இஷ்கெ, ரஷ்ய வதா, இங்கிலீஷ் வாட்டர், கிரேக்க "ஹூதோர்" (ஹைட்ரஜன் பேர்ல முன்னாடி நிக்குறது) எல்லாம் இந்தோ யூரோப்பிய மூதாதை மொழியோட ஒரே தண்ணி வேர்ல இருந்து வந்தவை. சமஸ்கிருதத்துல அதே வேர் "உதக". அது தமிழுக்குள்ளயும் கடன் சொல்லா வந்திருக்கு, பழைய புத்தகத்துலயும் சடங்கு மந்திரத்துலயும் உதகம்னு பாத்திருப்பீங்க.

அந்த "பஹா"வும் அப்படித்தான். லத்தீன் விட்டா, கிரேக்க "பியோஸ்" (பயாலஜில வர்றது), சமஸ்கிருத "ஜீவ" எல்லாம் பங்காளிங்க. இங்கிலீஷ் "க்விக்" கூட, வேகம்ங்கிற அர்த்தம் பின்னாடி வந்தது, முதல்ல அதுக்கு அர்த்தம் உயிரோட இருக்கிற. ஜ எங்க, ப எங்கன்னு சந்தேகம் வந்தா மாட்டைப் பாருங்க: சமஸ்கிருதத்துல "கோ", இங்கிலீஷ்ல "கவ்", ஐரிஷ்ல "போ". மூதாதை மொழில இருந்த ஒரு "க்வ" ஒலி கெல்ட்டிக்ல ஒழுங்கா "ப" ஆயிடும், அதே ஒலி சமஸ்கிருதத்துல "இ", "எ" முன்னாடி "ஜ" ஆகும். ஆக உஷ்கெ பெஹாங்கிறதோட தூரத்துச் சொந்தங்களை வச்சு தமிழ்ல எழுதணும்னா "ஜீவ உதகம்". சரக்குக் கடைல இப்படிக் கேட்டா சைடு டிஷ்ஷும் கிடைக்காது.

ஒரு சின்ன வேடிக்கை. வாட்டர்ல இருக்கிற "வ" அந்த வேர்லயே இருந்த அசல். விஸ்கில இருக்கிற "வ" மேல சொன்ன மாதிரி உதடு உரசி புதுசா முளைச்சது. ரெண்டும் ஒரே மாதிரி இருக்கு, ஒண்ணு பரம்பரை, ஒண்ணு பிளாஸ்டிக் சர்ஜரி.

தமிழ்ல இருந்து போன சொல்லா இருக்குமோ?

இல்ல. ஒலி லேசா ஒத்துப்போற ரெண்டு சொல்லைப் பக்கத்துல வச்சு வீடியோ போடுறவங்களுக்கு வியூஸ் வரும், ஆதாரம் வராது.

கடைசில "இ" எழுத்து வருமா வராதா?

தமிழ்ல எழுதினா இந்தத் தொல்லையே இல்ல, விஸ்கின்னு போட்டா முடிஞ்சது. இங்கிலீஷ்ல பொதுவா ஸ்காட்லாந்து, கனடா, ஜப்பான், இந்தியா சரக்குல "கே"க்கு அப்புறம் நேரா "ஒய்", அயர்லாந்துலயும் அமெரிக்காலயும் நடுவுல ஒரு "இ". இதை ஏதோ ஆதிகாலத்துப் பிரிவினை மாதிரி சிலர் பேசுவாங்க, அவ்வளவு சீன் இல்ல. 1878ல டப்ளினோட நாலு பெரிய வடிசாலைக்காரங்க (ரெண்டு ஜேம்சன் கம்பெனி, ஒரு பவர், ஒரு ரோ) சேர்ந்து, மத்தவன் கலப்படம் பண்றான்னு கோபமா ஒரு புத்தகம் போட்டாங்க, அதோட தலைப்புல "இ" கிடையாது. முப்பது வருஷம் கழிச்சு லண்டன்ல விஸ்கி பத்தி ராயல் கமிஷன்னு ஒரு அரசு விசாரணைக் குழு உட்கார்ந்துச்சு, ஸ்காட்ச்சைப் பத்தித்தான் பாதி விசாரணை, ஆனா கமிஷன் பேர்ல "இ" இருக்கு. கார்க் நகரத்து பேடி விஸ்கி 20ஆம் நூற்றாண்டுலயும் ரொம்ப நாளைக்கு "இ" இல்லாமதான் இருந்துச்சு. அமெரிக்காவோட மத்திய அரசு விதிகள்ல இன்னைக்கும் பெரும்பாலும் "இ" இல்லாம, மேக்கர்ஸ் மார்க்ங்கிற அமெரிக்க பிராண்டு பாட்டில்லயும் இல்லாம. விளம்பரத்துக்கு வசதியா இருந்த பழக்கம் அப்புறம் கலாச்சாரம் ஆயிடுச்சு.

விஸ்கின்னா என்னன்னு கோர்ட்டுல தீர்மானிச்சாங்களாமே?

ஆமா, அகராதி எழுதுறவங்க பண்ண வேண்டிய வேலையை மாஜிஸ்திரேட் பண்ணினார். பின்னணி என்னன்னா, ஏனியஸ் காஃபின்னு டப்ளின்ல கலால் அதிகாரியா இருந்தவர் 1830ல ஒரு வடிகலனுக்கு பேட்டன்ட் வாங்கினார். பழைய செம்புப் பானைல ஒவ்வொரு தடவையும் நிரப்பி, காய்ச்சி, கழுவி மறுபடி ஆரம்பிக்கணும், இவரோட கலன்ல ஒரு பக்கம் ஊத்த ஊத்த இன்னொரு பக்கம் நிக்காம வந்துட்டே இருக்கும். விலை மலிவு, ருசி மெலிசு. தன் ஊர் டப்ளின் முதலாளிங்க மூக்கைச் சுளிச்சாங்க, ஸ்காட்லாந்துக்காரங்க கட்டிப்புடிச்சுக்கிட்டாங்க, பானைச் சரக்கோட இதைக் கலந்து பிளெண்டட் ஸ்காட்ச்சுன்னு உலகத்துக்கே வித்தாங்க.

இதை விஸ்கின்னு சொல்லலாமான்னு தகராறு. லண்டன்ல இஸ்லிங்டன் நகராட்சி சரக்கு விக்கிற ரெண்டு பேர் மேல கேஸ் போட்டுச்சு, கேட்டது விஸ்கி கொடுத்தது வேறன்னு, 1906ல மாஜிஸ்திரேட் நகராட்சி பக்கம் தீர்ப்பு சொன்னார். பெரிய கம்பெனிகளுக்கு வயித்தைக் கலக்கிடுச்சு. 1908ல ராயல் கமிஷன், 1909ல அறிக்கை: தானியத்தை மால்ட் வச்சு சர்க்கரையாக்கி, நொதிக்க விட்டு, வடிச்சா விஸ்கிதான், எந்தக் கலன்ல வடிச்சாலும் சரி. அதே 1909 டிசம்பர்ல அமெரிக்க ஜனாதிபதி டாஃப்ட்டும் தன் நாட்டுக்கு விஸ்கின்னா என்னன்னு தனியா முடிவு சொன்னார். ஒரு சொல்லோட அர்த்தத்தை ஜனாதிபதி உட்கார்ந்து எழுதுறதெல்லாம் எத்தனை சொல்லுக்கு வாய்க்கும்?

டப்ளின்காரங்க ஜாதகம் அதுக்கப்புறம் இறங்கு முகம்தான். அவங்க வேண்டாம்னு ஒதுக்கினது அவங்க ஊர்க்காரர் கண்டுபிடிச்சதுங்கிறதுதான் வயித்தெரிச்சல்.

அப்போ நம்ம நாட்டு விஸ்கி விஸ்கி இல்லையா?

யூரோப் சட்டப்படி தானியத்துல இருந்து வடிச்சு குறைஞ்சது மூணு வருஷம் மரப்பீப்பாய்ல இருந்தாத்தான் அந்தப் பேர். இந்தியால விக்கிற மலிவு பிராண்டுகள்ல பலது கரும்பு ஆலை மொலாசஸ் ஸ்பிரிட் கலந்தது, அங்க போனா அதுக்கு விஸ்கின்னு லேபிள் ஒட்ட முடியாது, ரம்முக்கு ஒண்ணுவிட்ட தம்பின்னு வேணா சொல்லிக்கலாம். எல்லாமே அப்படி இல்ல. பெங்களூர் அம்ருத் கம்பெனி பார்லில பண்ணின சிங்கிள் மால்ட்டை 2004ல எடுத்த எடுப்புல கிளாஸ்கோவுல கொண்டு போய் இறக்கினாங்க. பேரைப் பாருங்க, அமிர்தம். உயிர்த்தண்ணி ஊருக்கே அமிர்தம் அனுப்பியிருக்காங்க, தெரிஞ்சு பண்ணினாங்களோ தெரியாம பண்ணினாங்களோ, பொருத்தம் அபாரம்.

முட்டை அடிக்கிற விஸ்க்கும் இதுவும் ஒண்ணா?

சம்பந்தமே இல்ல. அது ஸ்காண்டிநேவியா பக்கத்துச் சொல், துடைக்கிறது, சட்டுனு வீசுறதுன்னு அர்த்தம். 18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்துல ரெண்டு சக்கரக் குதிரை வண்டி ஒண்ணுக்கும் விஸ்கின்னு பேர் உண்டு, அது இந்த விஸ்க்கோட பிள்ளை, சும்மா சர்ருனு போறதால. பழைய நாவல்ல யாராவது விஸ்கில ஏறிப் போனாங்கன்னு படிச்சா பதறாதீங்க. 1950கள்ல இருந்து விமானிகள் ரேடியோல டபிள்யூ எழுத்துக்கு விஸ்கின்னு சொல்றாங்க, அது நம்ம சரக்கேதான்.

பிரிட்டன்ல எக்ஸ், அஸ்க், எஸ்க்னு ஆறுங்க இருக்கே, அதுவும் இந்தத் தண்ணிதானா?

பழைய புத்தகங்கள் அப்படித்தான் சொல்லும், கேக்க நல்லாவும் இருக்கும். ஆனா அந்த ஆறுங்க பேர் ரோமானியர் காலத்துலயே "இஸ்கா"ன்னு பதிவாகியிருக்கு, பேசினது வெல்ஷ் பக்கத்துக் கிளை, உஷ்கெங்கிறது ஐரிஷ் பக்கத்துச் சொல், அதோட அந்தக் காலத்து வடிவம் இஸ்காவோட ஒட்டாது. கெல்ட்டிக் ஆறு வேணும்னா ஏவனை எடுத்துக்கங்க. வெல்ஷ்ல "அவொன்"னா ஆறு. வெளியூர்க்காரன் வந்து இது என்னன்னு கேட்டிருப்பான், ஆறுப்பான்னு சொல்லியிருப்பாங்க, அவன் அதையே பேரா எழுதிட்டான், அதனால இங்கிலாந்துல ஏவன்னு பல ஆறு இருக்கு, எல்லாமே "ஆறு ஆறு".

கேலிக்ல இருந்து இங்கிலீஷுக்கு வேற என்னென்ன போச்சு?

எலெக்ஷன் நேரத்துல நாம கத்துற ஸ்லோகன், கேலிக்ல படையோட போர்க்கூச்சல். கலோர்ங்கிறது "போதும்ங்கிற அளவுக்கு". பிரிட்டனோட டோரி கட்சிப் பேர், 17ஆம் நூற்றாண்டு அயர்லாந்துல காட்டுக்குள்ள ஒளிஞ்சு திரிஞ்ச கொள்ளைக்காரனுக்கு இருந்த பேர், எதிரிங்க திட்டுறதுக்கு வச்சது, கட்சி அதையே மாட்டிக்கிச்சு. க்ளான் கேலிக்ல பிள்ளைகள், சந்ததி, ஆனா அதோட ஆதி லத்தீன் "பிளான்ட்டா", செடி, கன்று. பழைய ஐரிஷுக்கு "ப" வராத காலத்துல கடன் வாங்கினதால "க" போட்டுட்டாங்க. ஆக க்ளானும் விஸ்கி மாதிரிதான், ஆள் பாத்தா சுத்த கெல்ட்டிக், உள்ள லத்தீன்.

கள்ளச்சாராயத்துக்கு அங்க என்ன பேர்?

"பொட்சீன்". பானைக்கு அவங்க சொல்ற சொல்லோட நம்ம "குட்டி" மாதிரி ஒரு விகுதி, குட்டிப்பானைன்னு வச்சுக்கங்க. வரிக்குப் பயந்து குட்டிப் பானைல மலையோரம் காய்ச்சினது. அயர்லாந்துல 1997ல சட்டப்படி விக்க அனுமதி வந்துடுச்சு, இப்போ ஏர்போர்ட்டுலயே கிடைக்கும்.

டப்ளின் தெருவுல "இஷ்கெ"ன்னு எழுதின இரும்பு மூடி நிறைய இருக்கே, அதைத் திறந்தா?

குடிதண்ணி மீட்டரும் வால்வும்தான் இருக்கும், மூடி வச்சிருங்க. அந்த நாட்டுத் தண்ணி வாரியத்தோட பேரே 2023ல இருந்து "இஷ்கெ ஏரன்", அயர்லாந்துத் தண்ணி. பப்ல போய் ஐரிஷ் பேசிக் காட்டணும்னு ஆசை இருந்தா "ஃபுஷ்கெ"ன்னு கேளுங்க, "இஷ்கெ"ன்னு கேட்டா ஐஸ் போட்ட பச்சைத் தண்ணி கொண்டு வந்து வைப்பாங்க, காசும் வாங்க மாட்டாங்க. இன்னொரு பிரயோகமும் காதுல விழலாம், "இஷ்கெ ஃபீ ஹலவ்". சொல்லுக்குச் சொல் பாத்தா தரைக்கு அடில ஓடுற தண்ணி, அவங்க சொல்றது உள்குத்து வேலை, சதி.